இரவல் போன பசி

மதுரையிலிருந்து வந்த மத்தியான பஸ்ஸின் முன்படி வழியாகப் பவுனுத்தாய் போடிநாயக்கனூரில் இறங்கினாள். அவளுடைய பசி பின்படி வழியாக இறங்கியது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, பஸ்ஸில் வந்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. உசிலம்பட்டி தாண்டியதுமே கண்டக்டர் அதற்கும் ஒரு அரை டிக்கெட் கிழித்து, "லக்கேஜுன்னு போட்டா அதுக்கு மனசு சங்கடப்படும்ல" என்று சொல்லி, பவுனுத்தாயின் புருஷன் சோலைராசுவிடம் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சோலைராசுவும் மறுபேச்சுப் பேசவில்லை. மலைக்கு ஜீப் ஓட்டி ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்குகிறவர் அவர். வருகிற உயிருக்கு இடம் கொடுத்துத்தான் பழக்கம்.

நடந்தது இவ்வளவுதான். பவுனுத்தாயின் உடம்பு அவள் முழங்கால்களுக்கு மிஞ்சிப்போய், சர்க்கரையும் மூச்சிரைப்பும் கூடவே ஏறிவந்து, ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்கு ஸ்டோரில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பெண்கள் வேண்டும் என்றான பிறகு, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் அட்டையைக் காட்டி ஆபரேஷன் செய்துகொண்டாள். டாக்டர்கள் அவளுடைய இரைப்பையில் பெரும் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் கொள்ளுகிற அளவுக்கு மட்டும் மிச்சம் வைத்துத் தைத்தார்கள். பசி குடியிருந்ததோ அந்த வெட்டி எடுத்த பங்கில். குடியிருந்த வீட்டை இடித்துவிட்டால் அது எங்கே போகும்? ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் கொஞ்ச நாள் படுத்துக் கிடந்தது, பவுனுத்தாய் வீட்டுக்குப் புறப்பட்டதும் கூடவே புறப்பட்டுவிட்டது.

பார்ப்பதற்கு அரிசி களைந்த தண்ணீரின் நிறம். கன்றுக்குட்டி உயரம். முகம் என்று ஒன்று கிடையாது. தொட்டால் சமையல் முடிந்த அடுப்புமேடை மாதிரி வெதுவெதுப்பு. உள்ளேயிருந்து எந்நேரமும் கடமுடா, கடமுடா என்று ஒரு சத்தம். தண்ணித்தொட்டித் தெருவில் பவுனுத்தாய் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் குழாயடியில் அது போய்ப் படுத்துக்கொண்டது, பவுனுத்தாய் அதைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்கு அதன்மேல் பயம். பயம் மட்டுமில்லை, வெட்கம். அந்தப் பசியால்தானே கல்யாண வீடுகளில் அவள் இலையை எல்லாரும் ஓரக்கண்ணால் எண்ணினார்கள், அந்தப் பசியால்தானே ஷேர் ஆட்டோக்காரன் அவளைக் கண்டால் நிறுத்தாமல் போனான். கிட்டே போனால் மறுபடியும் உள்ளே புகுந்துவிடுமோ என்று, குழாயடிக்கே போகாமல் அடுத்த தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தாள்.

தெரு கூடிப் பேசியது. கயிறு போட்டுக் கட்டவேண்டும் என்றார் ஒருவர். நகராட்சியில் எழுதிக் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். மேற்கே மலைப்பக்கம் விரட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது, பால்காரப் பெரியவர், "வெரட்டுன பசி பஞ்சமாத் திரும்பி வரும், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று அதட்டினார். அதோடு விரட்டுகிற பேச்சு நின்றது. ஆனால் அதன் பக்கத்தில் போகிறவர்களுக்கெல்லாம் வயிறு இழுத்துப் பசித்தது. பாதி மாதத்தில் அரிசிப்பானைகள் காலியாயின, தெருமுனைப் பரோட்டாக் கடைக்காரர் வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேல் ஒரு கதம்பச் சரத்தைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பசியின் சங்கதி இப்படி என்றால், வீட்டுக்குள்ளே மாத்திரையின் சங்கதி வேறு.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த இளவயது டாக்டரம்மா பவுனுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, ஆபரேஷன் ஒரு நாள் வேலை, மாத்திரை ஆயுசு வேலை. நீங்க இனி சாப்பிடப் போற நாலு கரண்டியில உடம்புக்கு வேண்டிய சத்து வராது. இரும்பு, சுண்ணாம்பு, விட்டமின் எல்லாம் இந்த டப்பாவுலதான். ஊசியும் போட்டுக்கணும். நிறுத்தினா வெளிய தெரியாது, உள்ள அரிச்சிரும்." பவுனுத்தாய் தலையை ஆட்டினாள். முதல் மாதத்து மாத்திரை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து சொந்தக் காசு. கத்திக்குத் தாராளமாகக் கொடுத்த இன்சூரன்ஸ், மாத்திரை டப்பாவைக் கண்டதும் யாரோ எவரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த முதல் மாதத்து டப்பாவுக்கு நேர்ந்த கதியைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அந்த வீட்டில் சத்துள்ள பொருள் எது வந்தாலும் பங்கு வைப்பதுதான் வழக்கம். ஆட்டுக்கால் சூப் வைத்தால் எலும்பு புருஷனுக்கு, சாறு பிள்ளைகளுக்கு, சட்டியைக் கழுவி ஊற்றின தண்ணீர் பவுனுத்தாய்க்கு. பேரீச்சம்பழம் வந்தாலும் அப்படி, சத்துமாவு டப்பா வந்தாலும் அப்படி. ஒரு வீட்டில் ஒருத்தி மட்டும், அதுவும் வீட்டுக்காரி, சத்தானதைத் தனியாக உட்கார்ந்து தின்பதென்றால் அது எந்த ஊர் நியாயம்? ஆகவே பவுனுத்தாய் காலையில் அரிவாள்மனையை எடுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மாத்திரையையும் மூன்றாக வெட்டி, ஜீப் ஓட்டுகிறவருக்கு ஒன்று, பாலிடெக்னிக் படிக்கிற மகனுக்கு ஒன்று, பத்தாவது படிக்கிற மகளுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டு, அரிவாள்மனையில் ஒட்டின தூளைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். சோலைராசுவின் கன்னம் மினுமினுத்தது. மகனுக்கு மீசை அடர்ந்தது. மகளின் சடை இடுப்புக்குக் கீழே இறங்கியது. பவுனுத்தாயின் சீப்பில் மட்டும் கொத்துக்கொத்தாக முடி வந்தது.

அவள் அதற்காக வருத்தப்படவில்லை, ஏனென்றால் அவளுக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. பசியை வாசலில் விட்டுவிட்டவளுக்கு என்னதான் வேண்டியிருக்கும்? சேலை வேண்டாம், பூ வேண்டாம், சினிமா வேண்டாம். "வேணும்" என்கிற ஒரு சொல் அந்த இரைப்பைத் துண்டோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போய்விட்டது. மெலிந்து மெலிந்து, பழைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்து, படி ஏறும்போது மூச்சு வாங்காமல், எல்லாருக்கும் நல்லவளாக அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி வந்து நின்றாள். அவளுடைய பெண்குழந்தை சோற்றைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். கிண்ணமும் கையுமாகத் தெருத்தெருவாக அதன் பின்னால் ஓடி ஓடி முத்துப்பேச்சி இளைத்துவிட்டாள்.

"மதினி, தப்பா நெனச்சுக்காத. உம் பசியை ஒரு பொழுது எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டா? இந்தச் சிறுக்கி ரெண்டு வாய் தின்னான்னா போதும், திருப்பிக் கொண்டாந்து விட்டுர்றேன்."

"கூட்டிட்டுப் போ, அதுல என்ன இருக்கு" என்றாள் பவுனுத்தாய், வாசலைப் பார்க்காமலேயே.

பசி எழுந்து முத்துப்பேச்சி பின்னால் போய்க் குழந்தையின் அருகில் படுத்தது. குழந்தை பருப்புச்சோற்றைக் கிண்ணத்தோடு பிடுங்கித் தின்றுவிட்டு, இன்னும் கொண்டா என்று தரையில் அடித்தது. அன்றைக்கு முத்துப்பேச்சி அழுத அழுகையைக் கேட்டு ஏதோ கெட்டது நடந்துவிட்டதென்று நாலு வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

அப்புறம் கேட்கவேண்டுமா? காய்ச்சலில் நாக்குச் செத்துப்போனவர்கள் வந்தார்கள், மசக்கைக்காரிகள் வந்தார்கள், பெண்டாட்டி செத்ததிலிருந்து ஒரு பருக்கை இறங்காத ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து தயங்கித் தயங்கி நின்று கேட்டு வாங்கிப்போனார். பரீட்சைப் பயத்தில் சாப்பிடாத பிள்ளைகளுக்காக ஹாஸ்டல் வார்டன் வந்தார். தெரு தானாகவே அதற்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டது, புதுச் சட்டம் ஒன்றுமில்லை, உறைமோருக்கு உள்ள சட்டம்தான். உறைமோருக்கு யாராவது விலை வைப்பார்களா? பால் வைத்திருக்கிறவள் கிண்ணத்தோடு வந்து நிற்பாள், மோர் வைத்திருக்கிறவள் ஊற்றுவாள், அதற்குக் காசு கொடுத்தாலும் பாவம், வாங்கினாலும் பாவம். பசியும் அப்படியே. விளக்கு வைப்பதற்கு முன்னால் வந்து கேட்கவேண்டும், காரியம் முடிந்ததும் திருப்பிவிடவேண்டும், அதற்கு விலை கிடையாது.

விலைதான் கிடையாதே ஒழிய வெறுங்கையோடு வருகிற வழக்கமும் கிடையாது. இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற ஊரா அது? பசியைத் திருப்பிவிட வருகிறவர்கள் ஒவ்வொருவரும், அன்றைக்குத் தங்கள் வீட்டில் எதை ருசித்துச் சாப்பிட்டார்களோ அதில் ஒரு தூக்குவாளி கொண்டுவந்தார்கள். மட்டன் சுக்கா வந்தது, நெய் மிதக்கும் பொங்கல் வந்தது, அதிரசம் வந்தது, நண்டுக்குழம்பு வந்தது. பவுனுத்தாய் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதே நின்றுபோனது. நாலு கரண்டிக்கு மேல் ஒரு வாய் வைத்தாலும் அவளுக்குக் குமட்டும், ஆகவே அவள் பார்த்துக்கொண்டிருக்க மற்ற மூன்று பேரும் தின்றார்கள். சோலைராசு ஜீப்பின் ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே நெருக்கியடித்து உட்காரவேண்டிய நிலை வந்துவிட்டது. ஊர் முழுவதும் பவுனுத்தாயின் புண்ணியத்தில் சாப்பிட்டது.

பவுனுத்தாயின் விரல்கள் மரத்தன.

முதலில் நுனிகள், அப்புறம் கணு வரைக்கும். ஏலக்காய் தரம் பிரிப்பது கண்ணால் செய்கிற வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அது விரலால் செய்கிற வேலை. பருத்த காய், சூம்பின காய், வெடித்த காய், மூன்றையும் விரல் உருட்டும்போதே தெரிந்து ஒதுக்கவேண்டும். பவுனுத்தாயின் விரலுக்குக் காயும் கல்லும் ஒன்றாகப் போனது. தலை சுற்றியது. உட்கார்ந்த இடத்தில் கண் இருட்டியது. அவள் பிரித்த மூட்டை இரண்டு தடவை திரும்பி வந்தபோது, ஸ்டோர் முதலாளி தனுஷ்கோடி அவளைக் கூப்பிட்டு, "தாயி, இப்படியே போச்சுன்னா ஆவணிக்கு மேல வேற ஆளைத்தான் பார்க்கணும், கோவிச்சுக்காத" என்று பதமாகச் சொன்னார்.

மதுரைக்குக் காட்டப் போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, "மாத்திரையை யாரு சாப்பிடுறா?" என்று கேட்டார். பவுனுத்தாய் விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். "இப்ப விரல். அடுத்தது கால். நடக்க முடியாமப் போனா அப்புறம் எந்த ஊசியும் முழுசாத் திருப்பித் தராது. வெளையாட்டு இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் கோபமாகத்தான் இருந்தது, கண் அப்படி இல்லை.

திரும்பி வரும் வழியில் மெடிக்கலில் விலை கேட்டாள். கேட்டுவிட்டு, சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் சோலைராசுவிடம் மெதுவாகச் சொல்லிப்பார்த்தாள்.

"மாசாமாசம் வாங்கணுமாம்."

"எதுக்கு?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். "நோவுக்குத்தான் ஆபரேசன் பண்ணியாச்சு, நோவும் போயிருச்சு. போன நோவுக்கு யாராச்சும் மருந்து வாங்குவாகளா? முருங்கைக்கீரை பறிச்சுட்டு வாரேன், ஆக்கித் தின்னு."

அவர் கெட்டவர் இல்லை. சொன்னபடியே ஒரு கட்டு முருங்கைக்கீரை பறித்தும் வந்தார். அதில் அவளுக்கு இறங்கியது ஒரு கரண்டி. பவுனுத்தாய்க்கு எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. எதிர்த்துப் பேசுவதற்கும் ஒரு பசி வேண்டும்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் தனுஷ்கோடியின் இளைய மகளுக்குக் கல்யாணம். மூத்த மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் பாதி இலையில் எழுந்துபோனதும், சாப்பாடு வாய்க்கு விளங்கவில்லை என்று தேனி வரைக்கும் பேசினதும் அவருக்கு ஆறாத புண். இந்தத் தடவை ஒரு இலையிலும் ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது. ஆகவே காரில் வந்து இறங்கி, வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்த தாம்பாளத்தைக் கொண்டுபோய்க் குழாயடியில் பசிக்கு முன்னால் வைத்து, "நீங்க அவசியம் வந்திருந்து பந்தியைச் சிறப்பிச்சுக் குடுக்கணும்" என்று கைகூப்பி அழைத்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்ற பவுனுத்தாயைப் பார்த்து, "நீயும் வா தாயி" என்றார்.

கல்யாணத்தன்று காலை, விருந்துக்குப் போகிற பசியைக் குளிப்பாட்டி அனுப்பவேண்டும் என்று தெருவில் எல்லாரும் சொன்னதால், பவுனுத்தாய் வெந்நீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். மரத்த விரல் பானையின் கனத்தை அறியவில்லை. பானை நழுவியது, தண்ணீர் கொட்டியது, கண் இருட்டியது, கால் மடங்கியது. அவள் தரையில் விழவில்லை. அத்தனை மாதம் திரும்பியும் பார்க்காமல் ஒதுக்கிவைத்திருந்த அந்தப் பசியின்மேல் விழுந்தாள். அது அசையாமல் நின்று அவளைத் தாங்கிக்கொண்டது.

வெதுவெதுவென்று இருந்தது. பவுனுத்தாய் அதன்மேல் கன்னத்தை வைத்தபடி கிடந்தாள். ஊரெல்லாம் இரவல் போய் வந்ததில் அதன்மேல் எத்தனையோ வீட்டுச் சாம்பார் வாசனை அடித்தது, ஆனால் அடியில், தோலுக்கு அடியில், அவளுடைய சொந்த வாசனைதான் இருந்தது. அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "உன்னயப் போய் இம்புட்டு நாளா அசிங்கம்னு நெனச்சேனே" என்று வாய்விட்டே சொன்னாள். பசிக்குக் காது உண்டோ இல்லையோ, கடமுடாச் சத்தம் நின்று, அது முதன்முறையாக அவளை முழுக்கத் தடவிப் பார்த்தது. கொட்டின முடியைப் பார்த்தது, மரத்த விரலைப் பார்த்தது, வெளுத்த நகக்கண்ணைப் பார்த்தது. பார்த்து முடித்ததும் பவுனுத்தாய்க்குப் பசித்தது. சோற்றுப் பசி இல்லை அது. அதற்கு உள்ளே இடமே இல்லையே. எலும்பு பசித்தது, ரத்தம் பசித்தது, விரல்நுனி பத்தும் தனித்தனியாகப் பசித்தன.

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கல்யாணத்துக்கு எடுத்துவைத்த சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, பசியின் முதுகில் ஒரு கையை வைத்தபடி அவள் மண்டபத்துக்கு நடந்தாள்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. போடியே அங்கேதான் இருந்தது. முத்துப்பேச்சி குழந்தையோடு இருந்தாள், வாத்தியார் குடையோடு இருந்தார், கடைத்தெரு மெடிக்கல் கடைக்காரர்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு சோலைராசு நடுவே உட்கார்ந்திருந்தார். இலையில் எல்லாம் பரிமாறி நெய்யும் ஊற்றியாயிற்று. தனுஷ்கோடி வாசலுக்கு ஓடிவந்து பசியைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப்போய்ப் பந்திக்கு நடுவில் நிறுத்தினார்.

ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை.

பசித்தது, ஐயோ, எல்லாருக்கும் பசித்தது, ஆனால் சோற்றைப் பார்த்தால் குமட்டியது. நாக்கு வேறு எதையோ கேட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா சாம்பார்க் கரண்டியைப் பிடுங்கி நக்கினார், சாம்பாருக்காக இல்லை, இரும்புக்காக. சம்பந்தியம்மாள் வெற்றிலைத் தட்டிலிருந்த சுண்ணாம்பை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஜரிகை வேட்டி கட்டின பெரிய மனிதர்கள் எழுந்துபோய்ச் சுவரில் வெள்ளையைச் சுரண்டித் தின்றார்கள். தனுஷ்கோடி தன் வாயில் என்னவோ இருக்கிறதே என்று எடுத்துப்பார்த்தால் அது ஸ்டோர் சாவிக்கொத்து. அப்பளத்தை எடுத்தவர்கள் கையில் எடுத்ததே தெரியாமல் நழுவவிட்டார்கள், விரல் எல்லாருக்கும் மரத்திருந்தது. தலை சுற்றியது. இலைகளின்மேல் முடி உதிர்ந்தது. மேளக்காரர் குச்சியைத் தவறவிட்டார், மண்டபம் அமைதியாயிற்று.

முதலில் வாயைத் திறந்தவள் முத்துப்பேச்சி.

"மதினி... இதோடயா நீ எங்களுக்கெல்லாம் பசி குடுத்த?"

தனுஷ்கோடி வியர்த்துப்போய்க் கைகளைப் பிசைந்தார். "தாயி, என் மானம் போகுது. அதைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போயிரு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"மாட்டேன் மொதலாளி" என்றாள் பவுனுத்தாய். "வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டது நீங்க. கல்யாண வீட்டுல பசின்னு வந்ததை வெளிய அனுப்புவாகளா?"

அவள் பந்தி முழுவதையும் ஒருமுறை பார்த்தாள்.

"இது எம் பசி. இம்புட்டு நாளா ஊருக்குக் குடுத்தேன், இன்னமும் குடுப்பேன். ஆனா எனக்குச் சுக்கா வேணாம், அதிரசம் வேணாம். எனக்கு மாத்திரை வேணும். இரும்பு வேணும், சுண்ணாம்பு வேணும், ஊசி வேணும். மாசாமாசம் வேணும், சாகுற மட்டும் வேணும். எனக்கு வேணும்."

எத்தனை மாதம் கழித்து அந்தச் சொல் அவள் வாயில் வந்தது! ஒரு தடவை வந்ததும் நிற்காமல் வந்தது, ஒவ்வொரு "வேணும்" சொல்லும்போதும் அவள் முதுகு ஒரு பிடி நிமிர்ந்தது.

சோலைராசு எழுந்து நின்றார். அவருடைய பெரிய கைகளைத் தூக்கித் தானே பார்த்தார், அவை மரத்திருந்தன. "இப்படியா இருந்துச்சு உனக்கு" என்றார். "உம் பங்கைத் தின்னுபுட்டுத்தான் உனக்குக் கீரை பறிச்சுக் குடுத்தேனா நானு?" இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று எண்ணாமல் அவர் அழுதார். மகனும் மகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"விலை குடுக்கத்தான் கூடாது" என்றாள் முத்துப்பேச்சி, குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பந்திக்கே கேட்கும்படி. "ஏனத்தை வெறுமனே திருப்பக்கூடாதுல்ல? அதுல என்னத்தைப் போட்டுத் தரணும்னு யோசிக்காத கூறுகெட்ட கழுதைகளா இருந்திருக்கோம். திங்க முடியாதவளுக்குச் சுக்காவைக் கொண்டாந்து குடுத்திருக்கோம். இனிமே இந்தப் பசியைத் திருப்பி விடுற வீடு, மதினி எதைத் திங்கணுமோ அதைத்தான் தூக்குவாளியில போட்டுக் கொண்டாரணும். சரிதானா?"

சரிதான் என்றது மண்டபம். வாத்தியார் குடையைத் தரையில் தட்டிச் சரி என்றார். மூன்று மெடிக்கல்காரர்களும் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தனுஷ்கோடி தன் காரையே அனுப்பினார், ஊசிக்கான செலவு என்றைக்கும் ஸ்டோரைச் சேர்ந்தது என்று சம்பந்தியின் முன்னால் சத்தியம் செய்தார், சாவிக்கொத்தைக் கையில் பிடித்திருந்தபடியே.

அரைமணி நேரத்தில் மூன்று கடைகளிலிருந்தும் டப்பாக்கள் வந்து இறங்கின. வந்ததைக் கையில் கொடுப்பது மரியாதையா? சீர்த்தட்டுகளைக் காலிசெய்து, அவற்றில் டப்பாக்களை அடுக்கி, மேலே ஒரு முழம் மல்லிகை வைத்து, பெண்கள் வரிசையாகத் தலைமேல் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வர, மேளக்காரர் குச்சியைக் கண்டுபிடித்து, மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட அடிக்காத அடி அடித்தார். முதல் வரிசையில், மாப்பிள்ளைக்கென்று போட்டிருந்த இடத்தில், பவுனுத்தாய்க்கு ஒரு தலைவாழை இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். மெடிக்கல்காரர்களில் மூத்தவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பரிமாற வந்து, "இரும்பும் சுண்ணாம்பும் ஒரே நேரத்துல சேரக்கூடாதும்மா, சுண்ணாம்பை மறுபந்தியில வைக்கிறேன்" என்று பயபக்தியோடு சொல்லி, இலையின் நடுவில் ஒரே ஒரு மாத்திரையை வைத்தார்.

பவுனுத்தாய் அதை எடுத்தாள். பழக்கதோஷம், அவளுடைய கட்டைவிரல் நகம் தானாகவே போய் நடுக்கோட்டில் அழுந்தியது, உடைத்துப் பங்கு வைக்க. பின்னாலிருந்து பசி கடமுடா என்றது. எதிரே நின்ற சோலைராசு, "வேணாம், முழுசாத் தின்னு" என்று சொல்லித் தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார். அவள் நகத்தை எடுத்தாள். முழு மாத்திரையையும் வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, கண்ணை மூடி விழுங்கினாள். இரும்பு ருசி, லேசான துவர்ப்பு. அதைவிட ருசியானதை அவள் பிறந்ததிலிருந்து தின்றதில்லை.

அவள் விழுங்கினதும் மண்டபத்தில் எல்லாருடைய நாக்கும் திரும்பி வந்தது. பெரியப்பா கரண்டியைக் கீழே வைத்தார். சோற்று வாசனை எல்லாருடைய மூக்கிலும் ஏறியது. ஆனாலும் யாரும் இலையைத் தொடவில்லை, பிள்ளைகளைக்கூடக் கையைப் பிடித்து நிறுத்திவைத்தார்கள். பவுனுத்தாய் அவசரப்படாமல் தன்னுடைய நாலு கரண்டிப் பருப்பையும் முட்டையையும் மென்று சாப்பிட்டாள், இலையை மடித்தாள், எழுந்துபோய்க் கைகழுவினாள். பந்தியிலிருந்து எழுந்து பசியோடு நின்றுகொண்டிருந்த ஊர் இரண்டாகப் பிரிந்து அவளுக்கு வழிவிட்டது. அதற்கப்புறம்தான் மாப்பிள்ளை உட்கார்ந்தார்.